வண்டி இழுக்கவில்லை

2019 ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. என் மனைவி கோகிலாவை அவள் வேலை பார்க்கும் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒன்று உறுதியாகிவிட்டது. வண்டி இழுக்கவில்லை. முன்பெல்லாம் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் பறக்கும். இப்போது ஸ்பீடோமீட்டர் முள் எண்பதைத் தாண்டி நிற்கிறது. எனக்கோ தெருவுக்குள் உருட்டிக்கொண்டு போவது போல இருக்கிறது. பதினைந்து வருடத்து ஜெர்மன் கார். இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட எனக்கு மனசில்லை.

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, புதன்

சிங்காநல்லூர் போய் அல்போன்ஸிடம் காட்டினேன். இளவயதில் நாங்கள் கார் ராலிப் பந்தயம் ஓட்டியவர்கள். ஸ்டியரிங் என் கையில். இடதுபக்க சீட்டில் அவன் உட்கார்ந்து வளைவுகளைக் கத்திச் சொல்லுவான். இன்று அவனுக்குப் பெரிய ஒர்க்ஷாப், எனக்கு பம்ப்செட் ஏஜென்சி.

மீட்டரை மாட்டிப் பார்த்தான். தானே ஓட்டியும் பார்த்தான்.

"என்ஜினுக்குள்ள போற காத்தழுத்தம் கரெக்டா இருக்குது. இந்த வயசுக்கு இது தங்கமான வண்டி. உனக்கு என்னடா கொறை?"

"இழுக்கலடா."

"நல்லாத்தான போகுது. இப்ப தொண்ணூறுல போனன், பார்த்தியல்லோ?"

தொண்ணூறாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நாற்பது போலத்தான் இருந்தது. ஸ்பீடோமீட்டரே தப்பாகக் காட்டுகிறதோ என்னவோ.

ஜூன் 9, ஞாயிறு

இனி ஷட்டில் ஆடப் போவதில்லை. கோர்ட்டில் விளக்கு சரியில்லை. இறகுப்பந்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. "பந்து உங்க தோள்ல விழுதுங்க, பேட்டைக்கூடத் தூக்கமாட்டீங்கறீங்க" என்று பார்ட்னர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கிளப்பில் புகார் சொல்லிப் பயனில்லை.

ஜூன் 14, வெள்ளி

இணையத்தில் நிறையப் படித்தேன். எங்கள் வண்டியில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சாதனம். அதை ஒரு பெல்ட் சுற்றுகிறது. பெல்ட் ஓடுகிற அதன் சக்கரத்தை, புல்லியைக் கழற்றிவிட்டுச் சிறியதாக ஒன்றை மாட்டினால், அது வேகமாகச் சுற்றும், காற்று கூடும், வண்டி சீறும். எங்கோ ஒரு ஆங்கிலேயர் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மாட்டியிருக்கிறார். 'வண்டிக்குத் திரும்ப இருபது வயது' என்று எழுதியிருக்கிறார்.

மூன்று அளவில் கிடைக்கிறது. பெரியது பாதுகாப்பானது, ஆனால் வித்தியாசம் கொஞ்சம்தான். நடுவாந்தரமானதைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். சிறியது பந்தயக்காரர்களுக்கு.

காபி டம்ளரை இடது கையால் தட்டிவிட்டேன். கோகிலா வைக்கிற இடத்தில் வைப்பதில்லை.

ஜூன் 20, வியாழன்

அல்போன்ஸோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம்.

"புது என்ஜினுக்கு நீ கேக்கற சின்னப் புல்லிய மாட்டலாம். இதுக்கு வேண்டாம்டா. சூப்பர்சார்ஜர் பேரிங் பழசு. ரொம்ப வேகமாச் சுத்தினா சூடாகும், பெல்ட் வழுக்கும். என்ஜின் உள்ளுக்குள்ளயே தட்ட ஆரம்பிச்சா பிஸ்டன் போயிரும்."

"சின்னது வேண்டாம், நடுவாந்தரம்."

"பெருசு போதும். அதுவே எதுக்குங்கறேன். அம்பத்தொம்பது வயசுல யாரு கூடப் போட்டி உனக்கு?"

முன்பு வளைவுகளில் பயந்து கண்ணை மூடிக்கொண்டவன் அவன்தான்.

கடைசியில், புல்லியை நான் வரவழைத்தால் தானே மாட்டித் தருவதாக ஒத்துக்கொண்டான். அவனுக்கும் உள்ளூர ஆசைதான். இந்த ஊரில் இதைச் செய்தவர்கள் கிடையாது; வீடியோ எடுத்துத் தன் ஒர்க்ஷாப்பின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாம் என்றான்.

ஜூன் 28, வெள்ளி

இடதுபக்கக் கண்ணாடி கேட் தூணில் உரசி உடைந்துவிட்டது. முப்பத்தைந்து வருடத்தில் நான் ஓட்டிய வண்டிகளில் விழுந்த முதல் கீறல். கேட்டை வைத்த கொத்தனார் அகலம் குறைத்துவிட்டான்.

"இத்தன வருசமா அதே கேட்டுதானுங்க," என்றாள் கோகிலா. "ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வாங்க. உங்க அப்பாவுக்கும் கடைசில பார்வை இல்லாமத்தானே இருந்துது."

அப்பாவுக்கு இருந்தது சர்க்கரை. ஆனாலும் அவள் வாயை மூட, கண்ணாடிக் கடைக்குப் போனேன். பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தேன். "உங்க வயசுக்கு அருமையான பார்வை சார்" என்றான் கடைக்காரன். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

நடுவாந்தரப் புல்லி என்று முடிவு. இன்னும் ஆர்டர் போடவில்லை.

ஜூலை 11, வியாழன்

லாலி ரோடு சிக்னல் தாண்டியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு வேன் திடீரென்று முளைத்து என் மூக்கை உரசிக்கொண்டு போனது. ஹாரன் அடித்துத் திட்டியவனும் அவன்தான். இந்த ஊரில் இப்போது எல்லோரும் எங்கிருந்துதான் வருகிறார்களோ தெரியவில்லை. காலியான ரோட்டில் சட்டென்று ஒருவன் நிற்கிறான்.

வண்டியில் இழுவை இருந்திருந்தால் அந்த வேனுக்கு முன்னமே கடந்திருப்பேன். சிறியதையே ஆர்டர் செய்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கோகிலா இப்போதெல்லாம் என் இடது கையைக் கோத்துக்கொண்டே நடக்கிறாள். "புதுமாப்பிள்ளை பொண்ணு மாதிரி வர்றீங்களே" என்று கிண்டல் செய்தார்கள். யாரோ கை நீட்டினார்களாம், நான் கவனிக்காமல் போய்விட்டேனாம். அவளே போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பும்போது, இனிமேல் பள்ளிக்குக் கணக்கு டீச்சரோடு பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னாள். முப்பது வருடமாக நான் கொண்டுபோய் விடுகிறேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது தலைமை ஆசிரியை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவாளா? கூடாது என்றுவிட்டேன்.

ஜூலை 27, சனி

பார்சல் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு வட்டு. கனமாக, வழவழப்பாக இருக்கிறது. சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன்.

காஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 3, சனி

புல்லியின் அளவைப் பார்த்ததும் அல்போன்ஸுக்குக் கோபம். "நடுவாந்தரம்னுதானே சொன்ன?" என்றான். கடையில் இதுதான் இருந்தது என்று சொல்லிவிட்டேன். புலம்பிக்கொண்டே வேலையை ஆரம்பித்தான். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போட்டான். சூப்பர்சார்ஜரின் எண்ணெயை வடித்தபோது அது கறுப்புச் சாறு மாதிரி வந்தது, அதையும் மாற்றினான். ஒரு வாரம் ஆகும்.

ஆகஸ்ட் 10, சனி

வண்டி இல்லாததால் ஒரு வாரமாக பஸ்ஸில் போனதில் கோகிலாவின் முகம் தெளிவாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வண்டி தயார். பைபாஸில் ஓட்டிப் பார்க்கப் போனோம். நான் ஓட்ட, அவன் தன் பழைய சீட்டில்.

ஒரு சீழ்க்கைச் சத்தம் மட்டும் புதிதாக இருந்தது. மற்றபடி பெரிய ஏமாற்றம். கொஞ்சம் முன்னேற்றம், அவ்வளவுதான். மிதித்தேன். இன்னும் மிதித்தேன்.

"போதும்டா! சம்முகம், போதும்! நூத்தி நாப்பதுடா!"

ஓரமாக நிறுத்தச் சொன்னான். இறங்கினான்.

"வர்ற வழில இடதுபக்கம் டேங்கர் லாரி ஒண்ணு நம்ம மேல ஏறப் பார்த்துதே. நீ ஏன் ஒதுங்கல?"

"எந்த லாரி?"

என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து, "இது தெரியுதா?" என்றான்.

"என்ன தெரியுதா?"

"வண்டிய நான் எடுத்துட்டுப் போறன். சாவியக் குடு. நாளைக்கே நல்ல கண்ணாஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறன். கண்ணாடிக் கடை இல்ல, ஆஸ்பத்திரி. வெளையாட்டில்லடா இது."

பயந்தாங்கொள்ளி. எப்போதுமே அப்படித்தான். சாவியைக் கொடுக்க மறுத்து, அவனை ஒர்க்ஷாப்பில் இறக்கிவிட்டு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வரும் வழியில் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பக்ரீத் விடுமுறை. அல்போன்ஸ் கோகிலாவுக்கு போன் செய்திருக்கிறான். அவள் சாவியை ஒளித்து வைத்துவிட்டாள். பெரிய சண்டை. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. சாயங்காலம் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 17, சனி

நாலு நாளாக எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை. வழக்கம்போல நான் வண்டியைக் கிளப்பினேன், கோகிலா போய் கேட்டைத் திறந்தாள். காலை லேசாகத்தான் வைத்தேன். வண்டி பாய்ந்துவிட்டது. புது புல்லி, சொல்லவே வேண்டாம், அப்படி ஒரு சீற்றம். எதிர்வீட்டுக்காரர் கத்திய பிறகுதான் நிறுத்தினேன். பம்பருக்கும் தூணுக்கும் நடுவில் அவள் இருந்தாள்.

வலது கால், முழங்காலுக்குக் கீழே. இரண்டு முறை ஆபரேஷன் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 21, புதன்

ஓசூரிலிருந்து மகள் நிர்மலாவும் மாப்பிள்ளை தினகரனும் வந்திருக்கிறார்கள். நிர்மலா என்னோடு பேசவில்லை, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். தினகரன்தான் என்னைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"பழைய என்ஜினுக்கு ரேஸ் பார்ட்டை மாட்டியிருக்கான். அவன் மேல கம்ப்ளைன்ட் குடுக்கணும் மாமா. இப்படியே விடக் கூடாது."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. போலீஸ் ஸ்டேஷனில் எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'புல்லி மாற்றியதன் காரணமாக வாகனம் கட்டுப்பாட்டை இழந்து' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போட வேண்டிய இடத்தை விரலை வைத்துக் காட்டினார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

இட்லி மாவு புளித்துப் போய் வீடு முழுக்க வாடை. நான்தான் கொட்டிக் கழுவினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

அல்போன்ஸின் ஒர்க்ஷாப்புக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அவனை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவன் போட்ட வீடியோவே சாட்சியாம். ஒரு முறை கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை. பிறகு அவன் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

நிர்மலா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தாள். அறையில் நானும் கோகிலாவும் மட்டும். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அல்போன்ஸண்ணன் மேல கேஸ் போட்டுட்டீங்களாமா?"

"பின்ன? வண்டி பாஞ்சுது கோகிலா. அவன் வேலை."

"வண்டி பாயலீங்க." குரல் மிகவும் தணிந்திருந்தது. "மெதுவாத்தான் வந்துது. டிபன் பையை உள்ளயே வெச்சுட்டேன்னு ஞாபகம் வந்து, உங்கள நிக்கச் சொல்லி இடதுபக்கத் தூணோரமா நின்னு கையத் தூக்கினேன். கத்தினேன். நீங்க நேராப் பார்த்துட்டே வந்தீங்க. மொகத்துல ஒரு அசைவு இல்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு முந்துன நாள் சொன்னீங்களே. நான் ஒழிஞ்சாத்தான் உங்களுக்கு நிம்மதின்னு. நான் அத மறக்கப் பார்க்கறேன். கண்ண மூடுனா உங்க மொகம்தான் வருது, கண்ணாடிக்குப் பின்னால. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்ப என்னைப் பார்த்தீங்களா, பார்க்கலீங்களா?"

வண்டி பாய்ந்தது என்றே திரும்பச் சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் வந்துவிட்டாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பார்த்தேன் என்றால் நான் கொலைகாரன். பார்க்கவில்லை என்றால்...

செப்டம்பர் 4, புதன்

யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோவில்.

முதலில் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை படித்தேன். மனசு கொஞ்சம் தேறியது. பிறகு கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இன்னொரு டெஸ்ட் பண்ணிரலாம்" என்றார்.

இருட்டான அறை. இடது கண்ணைக் கட்டிவிட்டு, பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் மஞ்சள் புள்ளி. "அதையே பாருங்க. சுத்தி எங்க வெளிச்சம் மினுக்குனாலும் இந்த பட்டனை அழுத்துங்க."

நாலைந்து முறை மினுக்கியது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மிஷினுக்குள் ஏதோ நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் அந்த மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மாற்றிக் கட்டினார்கள். இப்போது சோதனை இடது கண்ணுக்கு. இதில் ஒன்றுமே இல்லை. பழுதாகிவிட்டதென்று நினைத்து, "ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன்.

"முடியப் போகுதுங்க சார்," என்றாள் அந்தப் பெண். "வெளிச்சம் வந்துட்டேதானுங்க இருக்குது."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வலி இருக்காது. முதலில் ஓரத்துப் பார்வை போகும், நடு கடைசியில்தான் போகும்; அதனால்தான் எழுத்தெல்லாம் படிக்க முடிகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருக்கலாம். போனது திரும்ப வராது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிப் பார்க்கலாம்.

"டாக்டர், வண்டி வேகமாப் போறது தெரியாமப் போகுமா? நான் ஓட்டற வண்டி."

"ஓரத்துல மரமும் கட்டடமும் ஓடறதப் பார்த்துத்தான் நமக்கு வேகம் தெரியுது. அது தெரியலைன்னா வண்டி ஊர்ற மாதிரித்தான் இருக்கும்." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இன்னும் ஓட்டறீங்களா?"

இல்லை என்றேன்.

செப்டம்பர் 5, வியாழன்

முதலில் ஸ்டேஷன். புகாரைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். வண்டியில் பழுது இல்லை, அல்போன்ஸ் என்னை ஓட்ட வேண்டாமென்று தடுத்தான், மனைவி நிற்பது எனக்குத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "அப்ப கேஸ் உங்க மேல வருமுங்க, தெரியுமல்ல?" என்றார். தெரியும் என்றேன். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். தினகரனுக்கு போனில் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அங்கிருந்து அல்போன்ஸ் வீடு. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். முகம் இளைத்திருந்தது.

"என்ற பசங்க எட்டுப் பேரு வேலையில்லாம நிக்கறாங்க. ரெண்டு பேரு வேற எடத்துக்குப் போயிட்டாங்க," என்றான்.

"சீல் எடுத்துருவாங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"அளவுல பொய் சொன்ன. சரின்னு மாட்டுனன், அது என்ற தப்பு. அன்னைக்கு பைபாஸ்லயே சாவியப் புடுங்கியிருக்கோணும், அதுவும் என்ற தப்பு. ஆனா நீ கையெழுத்துப் போட்டிருக்க பாரு..." நிறுத்திவிட்டான். "கோகிலாவ நான் போய்ப் பார்த்துக்கறன். நீ இங்க வராத."

மன்னித்துவிடு என்றேன். கதவைச் சாத்தினான். பிறகு திறந்து, "எப்படிப் போவ?" என்று கேட்டான். ஆட்டோ என்றேன். போன் செய்து ஆட்டோ வரவழைத்தான். அது வரும் வரை கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். ஆட்டோ வந்ததும் உள்ளே போய்விட்டான்.

இன்று ஆசிரியர் தினம். கோகிலாவைப் பார்க்க மாணவிகள் வந்திருந்தார்களாம்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி. நிர்மலா என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போனாள். கட்டிலுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால்தான் அவள் முகம் கிடைக்கிறது. கட்டிலின் கால்மாட்டில் போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது; அதைப் பார்க்கத் தனியாகத் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"நான் உன்னைப் பார்க்கல கோகிலா."

அவள் கண்ணிமைக்காமல் இருந்தாள்.

"எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது. ரெண்டு பக்கமும் போயிருச்சு. முந்தாநாள் டெஸ்ட் பண்ணிட்டேன். நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்குது. நீ கையத் தூக்குனது எனக்குத் தெரியாது; கத்துனது வண்டியோட சீழ்க்கைச் சத்தத்துல கேக்கல. ரோடு காலியா இருந்துது. சத்தியமா காலியா இருந்துது."

"நெசமாவா?"

"டாக்டர் பேப்பர் குடுத்திருக்காரு. திரும்ப வராதாம்."

பேப்பரை எடுக்கப் பையில் கையை விட்டேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். உதடு கோணியது. அழப் போகிறாள், என் கண்ணுக்காக அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு மூச்சு வந்தது.

"அப்பாடா," என்றாள். "அப்பாடா சாமி."

தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் நெற்றி தளர்ந்து, தாடை தளர்ந்து, மூன்று வாரமாக அங்கிருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. எனக்குப் பார்வை போய்விட்டது என்று கேட்டு அவள் அப்படி நிம்மதியானதை நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அது முழுசாகத் தெரிந்தது.